அப்பத்தா எந்த வருஷம் பிறந்தார்? தேதி தெரியாத குடும்ப வரலாற்றை எழுதுவது எப்படி?

இரவு பதினொரு மணி. ஃப்ளெக்ஸ் கடையில் இருந்து போன். "அண்ணே, மறைவு தேதி போட்டாச்சு. தோற்றம் என்ன போடட்டும்?"

2024 நவம்பரில் என் அப்பத்தா இறந்த அன்று, வீட்டில் இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. ஆதாரில் 01-01-1947 என்று இருந்தது. "அதெல்லாம் சும்மா போட்டது, அம்மாவுக்கு எண்பதுக்கு மேல இருக்கும்" என்றார் பெரியப்பா. அத்தை "எண்பத்தஞ்சு" என்றார். கடைக்காரருக்கோ அவசரம். கடைசியில் ஆதார்தான் ஜெயித்தது. மறுநாள் காலை தெருமுனையில், 'தோற்றம்: 01-01-1947' என்ற வரிக்கு மேலே அப்பத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த பேனரை யாரோ போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அதைப் பார்த்து ஒரு கசின் குடும்ப மர ஆப்பில் ஏற்றிவிட்டார். ஒரு கேம்ப்பில் யாரோ குத்துமதிப்பாக அடித்த எண், இப்போது நாடு விட்டு நாடு போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். தாத்தா, பாட்டி, அவர்களுக்கும் முந்தைய தலைமுறை என்று போகப்போக தேதிகள் காணாமல் போகும். பெயர் கிடைக்கும், ஊர் கிடைக்கும், வருஷம் மட்டும் கிடைக்காது. அதை எப்படி மதிப்பிடுவது, அதைவிட முக்கியமாக எப்படி எழுதி வைப்பது என்பதைப் பார்ப்போம்.

ஏன் இத்தனை பேர் ஜனவரி 1, ஜூன் 1-ல் பிறந்தார்கள்?

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதுக்கும் பொதுவான சட்டம் 1969-ல் இயற்றப்பட்டு, பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் அமலானது. ஆனால் சட்டம் இருந்தது என்பதால் பதிவும் இருந்தது என்று அர்த்தமில்லை. வீட்டில் நடந்த பிரசவத்தை யாராவது போய்ச் சொன்னால்தான் பதிவேட்டில் ஏறும். ஏறினாலும் பல நேரம் குழந்தையின் பெயர் இருக்காது. 'பெண் குழந்தை', அப்பா பெயர், ஊர், அவ்வளவுதான். ஆகவே பழைய பதிவேட்டில் தேடப் போகிறவர்கள் பாட்டியின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். பாட்டியின் அப்பா பெயரைச் சொல்லி, நான்கைந்து வருஷம் முன்னும் பின்னும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு பள்ளிக்கூடம். கையைத் தலைக்கு மேலே சுற்றி எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், ஹெட்மாஸ்டர் தாமாகவே ஒரு மே மாதத் தேதியையோ ஜூன் 1-ஐயோ எழுதிக்கொள்வார். அப்பா, அம்மாவுக்கும் ஆட்சேபம் இருக்காது. பல வீடுகளில் பையனுக்கு ஒரு வருஷம் கூட்டிச் சொன்னார்கள், சீக்கிரம் பள்ளிக்குப் போகட்டும் என்று. சில வீடுகளில் குறைத்துச் சொன்னார்கள், சர்வீஸ் கூடும் என்று. எந்தப் பக்கம் பொய் சொன்னார்கள் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது ஆதார். பிறந்த தேதிக்கு ஆவணம் இல்லாதவர்கள் வயதை மட்டும் சொல்லலாம் என்று இருந்தது. சிஸ்டம் அந்த வயதைக் கழித்து ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளும். நாளும் மாதமும் இல்லாத இடத்தில் ஜனவரி 1 வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பத்தாவிடம் 2012-ல் கேம்ப்பில் வயசு கேட்டிருக்கிறார்கள். "அறுபத்தஞ்சு இருக்கும்யா" என்றிருக்கிறார். 1947 பிறந்த கதை அதுதான்.

இதெல்லாம் படிக்காதவர்கள் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி வி.கே. சிங்குக்கு ஒரு ஆவணத்தில் 10 மே 1950, இன்னொன்றில் 10 மே 1951. அது 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

வயது 60, 65, 70: ரவுண்டு எண்ணைக் கண்டால் உஷார்

2005 வாக்காளர் பட்டியலில் அப்பத்தாவின் வயது 60 என்று இருந்தது. (2025 நவம்பரில் தமிழகத்தில் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியபோது எல்லோரும் பழைய பட்டியலைத் தேடினோமே, அப்போது கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரர்களின் பக்கத்தையும் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வயது, உறவுமுறை, வீட்டு எண் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.) பட்டியலில் உள்ள வயது அந்த வருஷம் ஜனவரி 1 அன்று முடிந்த வயது. அந்தக் கணக்கில் அப்பத்தா 1944-ல் பிறந்திருக்க வேண்டும். ஆதாரோ 1947 என்கிறது. ஏழு வருஷத்தில் அப்பத்தாவுக்கு ஐந்து வயதுதான் கூடியிருக்கிறது!

60, 65 இரண்டுமே 0 அல்லது 5-ல் முடிகிற எண்கள் என்பதைக் கவனியுங்கள். வயது சரியாகத் தெரியாதவர்கள் 0 அல்லது 5-ல் முடிகிற எண்ணைச் சொல்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆய்வாளர்கள் இதை அளக்கவே 'விப்பிள் குறியீடு' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு ஆவணத்தில் 63 என்று இருந்தால் கொஞ்சம் நம்பலாம். 60 என்று இருந்தால் 56 முதல் 64 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி நம்ம பேச்சுவழக்கிலேயே இருக்கிறது. "எனக்கு அறுபது நடக்குது" என்றால் முடிந்தது 59. "அறுபது முடிஞ்சிருச்சு" என்றால்தான் 60. பழைய டைரிக் குறிப்புகளிலும் பத்திரங்களிலும் எது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு வருஷம் வித்தியாசத்துக்கு எப்போதும் இடம் விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன், அமெரிக்காவில் தாத்தாவின் தாத்தாவைப் பழைய சென்சஸ் தாளில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கு அந்த வழி கிடையாது. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, தனிநபர் பற்றிய பதிவுகளை யாரும் பார்க்க முடியாது.

ஆனால் வயதே குறிப்பிடாத ஆவணம் சில சமயம் வயது குறிப்பிட்டதைவிட நன்றாக உதவும். நிலப் பத்திரத்தில் 'மைனர்' என்று ஒருவர் பெயருக்கு முன் இருந்து, அவருக்காக அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியில் அவருக்கு 18 நிறையவில்லை. அதே ஆள் பின்னால் தானே கையெழுத்துப் போட்ட பத்திரம் கிடைத்தால், அந்தத் தேதியில் 18 நிறைந்துவிட்டது. ஒருவரது பிறப்புக்கு இரண்டு பக்கமும் வேலி கிடைத்துவிட்டது பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் பழைய ஊரின் தேவாலயம். ஞானஸ்நானப் பதிவேடு பலமுறை பள்ளிச் சான்றிதழை ஜெயிக்கும்.

'எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள்

பெரியவர்களிடம் உட்கார்ந்து "நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?" என்று கேட்டால் "அது யாருக்குய்யா தெரியும்" என்று பேச்சு முடிந்துவிடும். அவர்கள் நினைவில் எண்கள் இல்லை, சம்பவங்கள் இருக்கின்றன. "புயல் அடிச்சப்ப அப்பா நடந்துட்டாரா, தவழ்ந்தாரா?" என்று கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர் 22, 23. திருச்சி வெள்ளம் என்றால் 1977 நவம்பர். காஞ்சிபுரத்தில் அத்திவரதர் வெளியே வந்தது 1979. கும்பகோணத்து மகாமகம் 1980, 1992, 2004, 2016. முதலமைச்சராக இருந்த அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. 'பராசக்தி' வந்தது 1952 தீபாவளிக்கு, 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 பொங்கலுக்கு. சினிமாவை வைத்துக் கேட்டால் தாத்தாக்கள் குஷியாகப் பேசுவார்கள். ஆனால் ஜாக்கிரதை. சென்னையில் ரிலீஸான படம் டூரிங் டாக்கீஸுக்கு வர ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

அடுத்து, உறவுப் பெயர்கள். தமிழ்க் குடும்பத்தில் யார் மூத்தவர் என்பது கூப்பிடும் சொல்லிலேயே இருக்கிறது. "அவரை நீங்க அண்ணன்னு கூப்பிடுவீங்களா, பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி எல்லாமே வரிசைதான். ஒரு ஆளுக்கு மட்டும் தேதி தெரிந்தால்கூட, அவருக்கு முன்னால் இவர், பின்னால் இவர் என்று மற்றவர்களை அடுக்கிவிடலாம். மாமா, மச்சான் முறையில் மட்டும் இது செல்லாது. மருமகனைவிட வயதில் சின்ன தாய்மாமன்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

உடன்பிறந்தவர்களுக்கு நடுவே இரண்டு, மூன்று வருஷ இடைவெளி என்று வைத்துக்கொள்வது வழக்கம். இடைவெளி ஐந்தாறு வருஷமாக இருந்தால், நடுவில் தவறிப்போன குழந்தை இருந்திருக்கலாம். இதைப் பாட்டிகளிடம் பார்த்துக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம். இறந்த குழந்தைக்கு வைத்த முன்னோர் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்த வீடுகள் உண்டு. பதிவேட்டில் கிடைக்கிற பிறப்பு உங்கள் தாத்தாவுடையது இல்லாமல், அவர் பார்க்காத அண்ணனுடையதாக இருக்கக்கூடும்.

தமிழ் வருஷம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு

"ஜய வருஷம், ஆவணி மாசம், ரோகிணி நட்சத்திரம்." இப்படி ஒரு வரி ஜாதக நோட்டிலோ, பரணில் கிடக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமோ கிடைத்தால் கொண்டாடுங்கள். இது மதிப்பீடே இல்லை, கிட்டத்தட்டச் சரியான தேதி.

வருஷப் பெயர்கள் 60. பிரபவ என்பது முதல் வருஷம். அது 1987 ஏப்ரலில் வந்தது, அதற்கு முன் 1927, அதற்கும் முன் 1867. ஜய 28-வது பெயர், ஆகவே 1954 அல்லது 2014. பாட்டியா பேத்தியா என்பது தெரியும் என்பதால் 60 வருஷக் குழப்பம் அநேகமாக வராது. கொள்ளுத் தாத்தாக்களுக்கு வரலாம். 'தாது வருஷத்தில் பிறந்தவர்' என்றால் 1876-ன் பெரும் பஞ்சக் காலமா, 1936-ஆ என்பதைப் பேரப்பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் தீர்க்க முடியும்.

பலர் தவறுகிற இடம் தை, மாசி, பங்குனி. தமிழ் வருஷம் ஏப்ரல் மத்தியில் தொடங்குவதால், ஜய வருஷம் ஆவணி என்றால் 1954, ஆனால் ஜய வருஷம் தை என்றால் 1955 ஜனவரி. மார்கழி பாதியிலேயே இங்கிலீஷ் வருஷம் மாறிவிடும்.

சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர 27 நாளுக்குக் கொஞ்சம் மேல். தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள். ஆக, ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு முறை வரும், சில நட்சத்திரங்கள் மட்டும் இரண்டு முறை. 1954 ஆவணியில் ரோகிணி வருவது ஆகஸ்ட் 20-க்கும் 25-க்கும் நடுவில் ஒரே ஒரு முறைதான். கூடவே "ஞாயித்துக்கிழமை" என்றும் யாராவது சொன்னால், அந்த வாரத்து ஞாயிறு ஆகஸ்ட் 22. பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். ஒன்று மட்டும்: நம் பழைய கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், இங்கிலீஷ் தேதி மாறுவது நள்ளிரவில். 'ஞாயித்துக்கிழமை ராத்திரி, விடிய ரெண்டு மணிக்கு' என்றால் அது இங்கிலீஷில் திங்கள்.

மேலே எழுதிய வருஷம் கரையான் அரித்துப்போய், ஜாதகத்தில் கட்டம் மட்டும் மிச்சம் இருந்தால்? அதுவும் ஒரு கடிகாரம்தான். ஜோசியத்தில் நம்பிக்கை வேண்டும் என்று அவசியமில்லை, கிரகங்கள் வானத்தில் எங்கே இருந்தன என்ற குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் இருக்கும் ராசி மாதத்தைச் சொல்லும் (சிம்மம் என்றால் ஆவணி). குரு ஒரு ராசியில் சுமார் ஒரு வருஷம், சனி சுமார் இரண்டரை வருஷம். இரண்டும் சேர்ந்து அதே ராசிகளுக்குத் திரும்பிவர ஏறக்குறைய 60 வருஷம் ஆகும். ஆகவே இந்த இரண்டை வைத்தே வருஷத்தைப் பிடித்துவிடலாம். ஆண்டு வாரியாகக் கிரக நிலை காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அறுபதாம் கல்யாணப் பத்திரிகை கிடைத்தாலும் இதே லாபம்தான். பிறந்த வருஷத்தின் பெயர் மறுபடி வரும்போது செய்வது அது. பத்திரிகையில் உள்ள வருஷத்தில் இருந்து 60-ஐக் கழியுங்கள்.

இறந்த தேதிக்குக் கதை தலைகீழ். திதி கொடுக்கும் வீடுகளில் மாதம், பட்சம், திதி மூன்றும் மூன்று தலைமுறைக்கு மாறாமல் இருக்கும். 'மாசி, தேய்பிறை சப்தமி' என்று டக்கென்று சொல்வார்கள். வருஷம் மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த மூன்றையும் அப்படியே எழுதி வையுங்கள். வருஷம் என்றைக்காவது கிடைத்தால் தேதி தானாக வந்துவிடும்.

கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பமா? பழைய திருவிதாங்கூர் என்பதால் கொல்லம் ஆண்டு வரும். அதோடு, ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். கேரளத்தில் இன்றும் பேசப்படும் 'தொண்ணூற்று ஒன்பது வெள்ளம்' 1099-ல், அதாவது 1924-ல் வந்தது. நில ஆவணங்களில் வருவது பசலி. அது ஜூலையில் தொடங்கும், 590 கூட்டினால் அந்த ஜூலையின் இங்கிலீஷ் வருஷம் வரும்.

அப்பத்தாவின் கணக்கு

2017 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சும்மா விளையாட்டாக அப்பத்தா பேசியதை போனில் ரெக்கார்ட் செய்திருந்தேன். நாற்பது நிமிஷம். அவர் போன பிறகுதான் முழுதாகக் கேட்டேன்.

"அணா போயி புதுப் பைசா வந்தப்ப எனக்குக் கல்யாணம். வயசுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆயிருச்சு." புதுப் பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ஆனால் கிராமத்தில் அணாக்கணக்கு உடனே நின்றுவிடவில்லை. ஆகவே கல்யாணம் 1957-க்கும் 1959-க்கும் இடையே என்று வைத்தேன். அப்போது அவருக்கு 15-ல் இருந்து 17 இருக்கலாம். அப்படிப் பார்த்தால் பிறப்பு 1940 முதல் 1944 வரை. ஆதார் சொல்கிற 1947 இங்கேயே விழுந்துவிட்டது. அது சரி என்றால் கல்யாணத்தின்போது பத்து, பன்னிரண்டு வயது, வயதுக்கு வந்தது எட்டு, பத்தில் என்றாகும்.

"பெரியவன் புயலப்ப தவழ்ந்துக்கிட்டுக் கெடந்தான்." தவழும் குழந்தைக்கு ஆறு முதல் பதினொரு மாதம். பெரியப்பா 1964 முதல் பாதியில் பிறந்திருக்க வேண்டும். அவரது டிசியில் 1-6-1963. ஜூன் 1-ஐப் பார்த்ததும் உங்களுக்கே புரிந்திருக்கும், ஹெட்மாஸ்டர் ஐந்து வயது நிரப்பியிருக்கிறார். நினைவும் ஆவணமும் முட்டிக்கொண்டாலும், ஏன் முட்டுகின்றன என்பது தெரிந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நான் ரிட்டயர் ஆனது ஒரு வருஷம் முன்னாடியே" என்று அரை மணி நேரம் பேசவில்லை.

முக்கியமான வரி ஆடியோவின் முப்பதாவது நிமிஷத்தில் இருந்தது. "எங்க ஆத்தா என்னைய வயித்துல வச்சுக்கிட்டுத்தான் பர்மாவுல இருந்து வந்துச்சு. குண்டு போட்டதும் கெளம்பிட்டாக. அண்ணன் ரங்கூன்ல பொறந்தவுக. நான் இங்க, திருவாடானை ஜெயிலை ஒடச்ச சமயம், ஆவணி."

ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. இந்த இரண்டுக்கும் இடையே கிளம்பிய ஒரு கர்ப்பிணிக்கு, ஊர் வந்த பிறகு குழந்தை பிறக்கிறது என்றால், அது 1942-க்குள்தான் இருக்க முடியும். இது கெட்டியான வேலி. திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து சின்ன அண்ணாமலையை விடுவித்தது, வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்த 1942 ஆகஸ்டில். இரண்டு சம்பவங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஆவணி என்பதையும் சேர்த்தால் 1942 ஆகஸ்ட் மத்தியில் இருந்து செப்டம்பர் மத்திக்குள். சித்திரபானு வருஷம். இறந்தபோது வயது 82. பேனர் ஐந்து வருஷத்தைச் சாப்பிட்டிருந்தது.

நட்சத்திரம் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. ஆகவே நாள் காலியாகவே இருக்கிறது. "ஆவணி ஒண்ணுன்னு போட்டுருவோமே, பார்க்க நல்லா இருக்கும்" என்று பெரியப்பா கேட்டார். அதைத்தான் செய்யக்கூடாது.

எப்படி எழுதி வைப்பது?

நீங்கள் இன்று 'பார்க்க நல்லா இருக்கும்' என்று போடுகிற நாளை, இருபது வருஷம் கழித்து உங்கள் மகள் உண்மை என்று எடுத்துக்கொள்வாள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க அப்போது ஆள் இருக்காது. ஆகவே தேதியோடு, அது எவ்வளவு உறுதி, எப்படி வந்தது, யார் சொன்னது என்ற மூன்றும் கூடவே போக வேண்டும்.

குடும்ப வரலாற்று மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜெட்காம் என்ற கோப்பு முறையில் இதற்குத் தனித்தனிச் சொற்களே இருக்கின்றன. தமிழில் நீங்கள் இப்படி வைத்துக்கொள்ளலாம். 'சுமார் 1942' என்றால் அதை ஒட்டி. 'முன்' என்றால் அந்தத் தேதிக்கு முன்பே நடந்துவிட்டது. 'பின்', 'இடையே' என்பவை சொல்லாமலே புரியும். இவற்றில் 'கணக்கிட்டது' என்பதையும் 'மதிப்பிட்டது' என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இறந்தபோது வயது 71 என்று கல்வெட்டில் இருந்து, அதைக் கழித்து வருஷம் எடுத்தால் அது கணக்கிட்டது. மகன் பிறந்தபோது அம்மாவுக்கு இருபது இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொண்டால் அது மதிப்பிட்டது. பின்னது எப்போது வேண்டுமானாலும் உடையும்.

என்னுடைய ஷீட்டில் அப்பத்தாவின் வரி இப்படி இருக்கிறது:

பிறப்பு: 1942 ஆகஸ்ட் மத்தி – செப்டம்பர் மத்தி இடையே (சித்திரபானு, ஆவணி). நாள் தெரியாது.
எப்படி: பர்மாவில் இருந்து கர்ப்பத்தில் வந்தது (1941 டிசம்பர் 23-க்குப் பின் கிளம்பியது), திருவாடானைச் சிறை உடைப்பு, மாதம் அவரே சொன்னது.
யார்: அப்பத்தா, தன் அம்மா சொன்னதாக. ஆடியோ, 2017 பொங்கல்.
முரண்: ஆதார் 01-01-1947 (வயது சொல்லி எடுத்தது), 2005 வாக்காளர் பட்டியல், வயது 60.

முரண் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஒதுக்கிய தேதியையும், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுதாவிட்டால், அடுத்து வருகிறவர் ஆதாரைக் கண்டுபிடித்து "அட, இவங்களுக்கு இது தெரியலையே" என்று திருத்திவிடுவார்.

எக்செல்லில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேதிக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால், இங்கிலீஷில் ஆகஸ்ட் 1942 என்று அடித்தால் அதுவாகவே 1 ஆகஸ்ட் 1942 என்று எடுத்துக்கொள்ளும். 1900-க்கு முந்தைய தேதிகளை அது தேதியாகவே மதிக்காது. ஆதார் கேம்ப்பில் நடந்த அதே தப்பை உங்கள் லேப்டாப்பில் நீங்களே செய்துகொண்டிருப்பீர்கள்.

இதை அரசு ஆவணத்தில் போடலாமா?

கூடாது. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். குடும்ப வரலாற்றில் 'சுமார்' போடலாம், அஃபிடவிட்டில் போட முடியாது. நீங்கள் ஊகித்ததைத் தெரிந்ததாக உறுதிமொழி கொடுத்தால் அது வேறு சிக்கல். உயிரோடு இருக்கும் பெரியவர்களுக்குப் பென்ஷன், வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் ஏற்கெனவே உள்ள தேதியில் ஓடுகின்றன. உண்மையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் இடிக்கும்.

எந்த ஆவணம் எவ்வளவு செல்லும் என்பதும் மாறிக்கொண்டே வருகிறது. வயதை நிரூபிக்க ஆதார் போதாது, பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியையே எடுக்க வேண்டும் என்று விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொன்னது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பதிவுக்கு மாவட்ட ஆட்சியர் நிலையிலோ, கோட்ட அளவிலோ, அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரிடமோ உத்தரவு வாங்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது என்று நம்பலாம். ஆனால் உங்கள் அப்பா, அம்மாவுக்குத் தேவைப்படலாம். அவர்களின் நிஜத் தேதியை, சர்டிபிகேட் தேதியை அல்ல, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் மரத்தில் அப்பத்தாவுக்கு மேலே இன்னொரு கட்டம் இருக்கிறது. ரங்கூனில் பிறந்த அண்ணன். இப்போதைக்கு அதில் '1941 டிசம்பர் 23-க்கு முன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவருடைய மகள் காரைக்குடியில் இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருப்பதாக அத்தை சொல்கிறார். வருகிற சனிக்கிழமைக்கு பஸ் டிக்கெட் போட்டிருக்கிறேன்.